அப்பாவுக்கு வாசனை தெரியாமல் போன வைகாசி

பதினெட்டு வயதில் என்ன பெரிய பழைய நினைவு என்று நீங்கள் சிரிக்கலாம். நம் பள்ளிக் குழுவில் ஒருத்தி, அந்த ஊரடங்கு வருஷத்தைப் பற்றி ஆளுக்கு ஒரு பக்கம் எழுதுங்கள், சேர்த்து வைப்போம் என்று போட்டபோது நானும் சிரித்தேன். உட்கார்ந்து எழுதிப் பார்த்தால் ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எட்டாம் வகுப்பைப் பள்ளிக்கூட வாசலை மிதிக்காமலே முடித்தோம். கணக்கு டீச்சர் பாதிப் பாடத்தில் உறைந்துபோய், வாய் திறந்தபடியே போனுக்குள் நிற்பார். யார் வீட்டிலோ குக்கர் விசில் அடிக்கும். மைக்கை அணையுங்கள் என்று அவர் சொல்வதற்குள் இரண்டாவது விசிலும் அடித்துவிடும். ஒன்பதாம் வகுப்புப் பாடம் தொடங்கிய சமயத்தில் நான் இரண்டு வாரத்துக்கு மேல் வரவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் போன் உடைந்துவிட்டது என்று சொன்னேன். போன் உடையவில்லை. எங்கள் வீட்டில் இருந்த இரண்டு போனும் வேறு வேலையில் இருந்தன. தவிர, எனக்கு யாருடனும் பேசப் பிடிக்கவும் இல்லை.

என் அப்பா மலைக்கோயில் மடப்பள்ளியில் சமையல்காரர். அவருடைய அப்பாவும் அதே வேலைதான், அதற்கு முன்னாலும் அதேதான். இருட்டு பிரிவதற்குள் படியேறிப் போவார். வெயில் ஏறினதும் இறங்கி வருவார். நெய்யும் விறகுப் புகையும் கலந்த ஒரு வாசனை அவர் வேட்டியில் எப்போதும் இருக்கும். துவைத்தாலும் போகாது.

மடப்பள்ளியில் ஒரு கட்டுப்பாடு உண்டு. சாமிக்கு வைப்பதற்கு முன்னால் யாரும் ருசி பார்க்கக் கூடாது. அதனால் அப்பா நாக்கை வைத்துச் சமைத்தவர் இல்லை, மூக்கை வைத்துச் சமைத்தவர். கொதிக்கிற தவலையின் மேல் முகத்தைக் காட்டிவிட்டு, உப்பு ஒரு பிடி குறைகிறது என்பார். வீட்டில் அம்மா சாம்பார் வைத்தால் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பெருங்காயம் போட மறந்ததைச் சொல்லிவிடுவார். தப்பாகவே இருக்காது. அம்மாவுக்கு அதுதான் எரிச்சல்.

இரண்டாவது அலை வந்தபோது கோயிலைப் பக்தர்களுக்கு மூடிவிட்டார்கள். பூஜை மட்டும் நடந்தது. நைவேத்தியம் கொஞ்சம்தான் என்பதால் அப்பா முறை போட்டு எப்போதாவதுதான் மேலே போனார். மற்ற நாட்களில் வீட்டில் கையைக் காலை வைத்துக்கொண்டு இருக்கத் தெரியாமல் தவித்தார். எங்கள் மூன்று பேருக்குச் சமைக்கிறேன் என்று உட்கார்ந்து பத்துப் பேருக்குச் சமைப்பார். மலைக்குப் போகிற சாலையில் பூக்கடைகள் எல்லாம் படுதா போட்டுக் கிடந்தன. அரக்கோணம் வண்டியின் சத்தம் மட்டும் தூரத்தில் கேட்கும். அதுவும் சரக்கு வண்டி.

எல்லாவற்றையும் தொடங்கி வைத்தவர் நகராட்சியில் வேலை பார்த்த நர்ஸ் அக்கா. எங்கள் தெருக் கோடியில் ஒரு வயதான தம்பதி இருந்தார்கள். பிள்ளை பெங்களூரில். இரண்டு பேருக்கும் ஒரே நாளில் காய்ச்சல். மாத்திரை கொடுக்கப் போன நர்ஸ் அக்கா, அந்த வீட்டில் இரண்டு நாளாக அடுப்பே எரியவில்லை என்பதைப் பார்த்துவிட்டு நேராக எங்கள் வீட்டு கேட்டுக்கு வந்தார். தள்ளி நின்றுகொண்டே, ரெண்டு பேருக்கு ரசம் சாதம் கிடைக்குமா என்று கேட்டார். அப்பா உள்ளே ஓடியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கல்யாண வீட்டுக்குக் கூப்பிட்ட மாதிரி ஓடினார்.

அந்த ஒரு வீடு ஒரு வாரத்தில் பன்னிரண்டு ஆயிற்று. அப்புறம் நாற்பது. வீட்டு அடுப்பு போதாமல், சரவணப்பொய்கைக்குப் போகிற வழியில் பூட்டிக் கிடந்த ஒரு சத்திரத்தைக் கேட்டுத் திறக்க வைத்தார்கள். கொண்டுபோய்க் கொடுக்க ஒரு ஆட்டோ மாமா வந்து சேர்ந்தார். ஸ்டேஷனுக்கும் மலைக்கும் சவாரி ஓட்டினவர். சவாரி இல்லாமல் வண்டியைத் துடைத்துத் துடைத்துப் பெயின்ட்டே போய்விட்டது என்று சொல்லிக்கொண்டு, யாரும் கூப்பிடாமலே ஒரு நாள் சத்திரத்து வாசலில் வந்து நின்றார். நெசவுக்காரர்கள் தெருவிலிருந்து ஒரு அத்தை வந்தார். பொதட்டூர்பேட்டையில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவர். வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ். நூல் வரத்து நின்று தறி ஓடவில்லை. தறிச் சத்தம் இல்லாமல் வீட்டில் தூக்கமே வரவில்லை என்பார். அவர் தினமும் காய் நறுக்கிக் கொடுத்தார். சத்திரத்துக்குள் அல்ல, வாசல் தாழ்வாரத்தில் உட்கார்ந்து. உள்ளே வாங்க என்று அப்பா ஒரு நாளும் சொன்னதில்லை, அவரும் வரவேண்டும் என்று கேட்டதில்லை. அது எனக்கு அப்போது வித்தியாசமாகவே படவில்லை. இப்போது எழுதும்போதுதான் படுகிறது.

அம்மாவுக்கு இழுப்பு உண்டு. பனிக்காலத்தில் நெஞ்சில் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி சத்தம் வரும். அதனால் அவர் வெளியே தலை காட்டக் கூடாது என்று நர்ஸ் அக்கா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அம்மா உள்ளறையில் உட்கார்ந்து போன் வேலையை எடுத்துக்கொண்டார். காலையில் நாற்பது வீட்டுக்கும் பேச வேண்டும். காய்ச்சல் எவ்வளவு, மூச்சு வாங்குகிறதா, சாப்பாடு இறங்கியதா, வாசனை தெரிகிறதா. இந்த நாலு கேள்வி. பதிலை நான் ஒரு நீள நோட்டில் எழுத வேண்டும். என் கையெழுத்துதான் அழகாக இருக்கும் என்பது அம்மாவின் கட்சி. மாலையில் நர்ஸ் அக்கா அந்த நோட்டைப் பார்த்து, யார் வீட்டுக்கு முதலில் போவது என்று முடிவு செய்வார்.

அந்த நோட்டை யார் கடைசியில் எடுத்துப் போனார்கள் என்று தெரியவில்லை. எவ்வளவோ தேடினேன். அதில் பேர் எழுதவில்லை, அடையாளம்தான் எழுதினேன். மாடி வீட்டு ரிடையர்டு வாத்தியார். பச்சை கேட் வீட்டு அம்மா, தெலுங்கு மட்டும். தபால்காரர் மாமியார், காது கேட்காது, உரக்கப் பேசவும்.

ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு ஸ்டூல் இருக்கும். ஆட்டோ மாமா பொட்டலத்தை அதில் வைத்துவிட்டு, ஹாரனை இரண்டு முறை அமுக்கிவிட்டுத் தள்ளிப் போய் நிற்பார். கதவு திறந்து ஒரு கை வெளியே வந்து எடுத்துக்கொண்டதைப் பார்த்த பிறகுதான் அடுத்த வீடு. கை வரவில்லை என்றால் அம்மாவுக்குப் போன். இந்த ஏற்பாட்டை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. பச்சை கேட் வீட்டு அம்மா மயங்கிக் கிடந்ததைக் கண்டுபிடித்தது அப்படித்தான். அவர் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பியும் வந்தார்.

முதல் பத்து நாள் அப்பா எல்லோருக்கும் பத்தியச் சாப்பாடுதான் அனுப்பினார். மிளகு ரசம், குழைந்த சாதம், காரம் இல்லாத கூட்டு. பாதி வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. மாடி வீட்டு வாத்தியார், வாயில மண்ணைப் போட்ட மாதிரி இருக்கும்மா, ஐயர் கோச்சுக்கப் போறார் என்று அம்மாவிடம் ரகசியமாகச் சொன்னார். நெசவுத் தெரு அத்தை ஒரு நாள் ஒரு பெரிய ஜாடி நிறையப் புளிச்சக்கீரைத் தொக்கு கொண்டுவந்து தாழ்வாரத்தில் வைத்தார். அப்பாவுக்குக் கோபம். காய்ச்சல்காரர்களுக்கு இதையா கொடுப்பது என்று முணுமுணுத்தார். அம்மாதான் போனில் சொல்லி, பொட்டலத்தோடு ஒரு உருண்டை தொக்கும் வைக்கச் சொன்னார். மறுநாள் நோட்டில், சாப்பாடு இறங்கியது என்று வரிசையாக எழுதினேன். புளிப்பும் உறைப்பும் மட்டும் லேசாகத் தெரிந்ததாம். அப்பா முணுமுணுப்பை விட்டார். அடுத்த ஜாடி எப்போது வரும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

வைகாசி பிறந்து சில நாள் ஆகியிருக்கும். அப்பா படுக்கையை மொட்டை மாடிக்கு மாற்றிக்கொண்டார். புழுக்கம் என்றார். புழுக்கம்தான், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் காபி டம்ளரைத் தானே கழுவித் தனியாகக் கவிழ்த்து வைத்தார். என்னைத் தலையில் தட்டவில்லை. தினமும் வெளியே கிளம்பும்போது தட்டுவார்.

மறுநாள் காலை வீட்டில் வெண்ணெய் காய்ச்சினார். ரசம் சாதத்துக்கு ஒரு சொட்டு நெய் விட வேண்டும் என்பது அவர் பிடிவாதம். அம்மா இன்னும் எழுந்திருக்கவில்லை, நான் கூடத்தில் நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். நெய் பதம் வருகிற வாசனை உங்களுக்குத் தெரியும். முருங்கைக்கீரை போட்டதும் அது இன்னும் ஏறும். அது வந்தது. அப்பா இறக்கவில்லை. அப்புறம் கருகல் வாசனை வந்தது. அப்போதும் இறக்கவில்லை. நான் எட்டிப் பார்த்தேன். அடுப்புக்கு எதிரில், ஒரு கை தூரத்தில் உட்கார்ந்து பொட்டலம் கட்டுகிற நூலைப் பிரித்துக்கொண்டிருந்தார். நெய் கறுப்பாகிப் புகை எழும்பி, அது கண்ணில் பட்டபோதுதான் திடுக்கிட்டு எழுந்தார்.

என்னைப் பார்த்தார். அடுப்பைப் பெரிசா வெச்சுட்டேன் என்றார்.

அந்த நாலாவது கேள்வியை நான் தினமும் நாற்பது தடவை எழுதுகிறவள். எனக்குத் தெரியாதா.

"அப்பா, உனக்கு வாசனை தெரியலையா?"

அவர் கொல்லைப்பக்கம் கையைக் காட்டி என்னை வெளியே வரச் சொன்னார். துணி துவைக்கிற கல்லுக்கு அந்தப்பக்கம் அவர் நின்றுகொண்டார். நேற்றிலிருந்து தெரியவில்லை என்றார். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. உள்ளே போட்ட முகக்கவசத்தின் மேல் துண்டையும் கட்டிக்கொண்டுதான் சமைக்கிறேன், பாத்திரத்துக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோவதில்லை என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நான் வாயைத் திறந்தா இன்னிக்கே சத்திரத்தைப் பூட்டிடுவா. நாப்பது வீடு பட்டினி கிடக்கும். வேற யாராவது சமைச்சா நம்ம தெருப் பெரியவா கையால தொட மாட்டா. ரெண்டு நாள் பொறுத்துக்கோ. ஒரு ஆளைப் பார்த்து ஏற்பாடு பண்ணிடறேன். அம்மாகிட்ட சொல்லாதே."

நான் தலையாட்டினேன்.

அன்று முழுக்க நான் யாரிடமும் சொல்லவில்லை. இதை ஒளிக்காமல் எழுதுகிறேன். அப்பா சத்திரத்துக்குப் போனார், சமைத்தார், ஆட்டோ மாமா வண்டியில் ஏற்றினார். நான் வீட்டில் உட்கார்ந்து மற்றவர்களுக்கு வாசனை தெரிகிறதா என்று எழுதிக்கொண்டிருந்தேன். அம்மா ஒரு தடவை இருமினார். சாதாரண இருமல், தண்ணீர் புரையேறியது. சாப்பாடு வேண்டாம் என்றேன். அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அடுத்த நாள் காலை. அப்பா சத்திரத்துக்குப் போயிருந்தார். அம்மா வழக்கம்போல் வரிசையாகப் பேசிக்கொண்டு வந்தார். வாசனை தெரியறதா மாமி, காபி வாசனை, சாம்பிராணி வாசனை, ஏதாவது? தெரியலையா, பரவாயில்லை, வந்துடும். போனை வைத்துவிட்டு அடுத்து யாரு என்று என்னைக் கேட்டார். நான் நோட்டைப் பார்த்தேன். அடுத்த வரியில் தபால்காரர் மாமியார்.

"அப்பாவுக்கு வாசனை தெரியலைம்மா" என்றேன்.

அம்மா போனை மடியில் வைத்தார். எத்தனை நாளாக என்று கேட்டார். மூன்று நாள் என்றேன். உனக்கு எப்போது தெரியும் என்று கேட்டார். நேற்று என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. நோட்டை என் கையிலிருந்து வாங்கி, கடைசி வரிக்குக் கீழே இன்னொரு வரி போட்டு, மடப்பள்ளிச் சமையல்காரர் என்று தன் கையால் எழுதினார். பக்கத்தில், காய்ச்சல் இல்லை, மூச்சு பார்க்க வேண்டும், வாசனை இல்லை, மூன்று நாள். அப்புறம் நர்ஸ் அக்காவைக் கூப்பிட்டார். குரல் கொஞ்சம்கூட மாறவில்லை. வேறு யார் வீட்டைப் பற்றியோ சொல்வது போலத்தான் சொன்னார்.

ஒரு மணி நேரத்தில் எல்லாம் நடந்தது. சத்திரத்தைப் பூட்டி பிளீச்சிங் பவுடர் போட்டார்கள். பாதி வெந்த சாதத்தைக் குழி வெட்டிப் புதைத்தார்கள். அப்பாவுக்கு மூக்கில் குச்சி விட்டுப் பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டு, மாடி அறைக்கு அனுப்பினார்கள். படியேறும்போது அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டார். சத்தமாகச் சாத்தியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

மணி பத்தரை. நாற்பது வீட்டுக்கு மத்தியானச் சாப்பாடு இல்லை.

அம்மா மறுபடியும் முதல் நம்பரிலிருந்து தொடங்கினார். எதையும் மறைக்கவில்லை. சமைத்தவருக்கே வந்திருக்கிறது, மூன்று நாளாக இருந்திருக்கிறது, உங்களுக்குச் சொல்லாதது எங்கள் தப்பு என்று ஒவ்வொரு வீட்டுக்கும் சொன்னார். சிலர் கோபப்பட்டார்கள். ஒருவர், ஏற்கெனவே வந்தவனுக்கு இன்னொரு தடவை வராது போங்கள் என்று சிரித்தார். வீட்டில் ஒருவருக்கு வந்து மற்றவர்களுக்கு வராமல் இருந்த இடங்கள் உண்டு. அவர்கள் சிரிக்கவில்லை. ஒரு பெண் போனில் ஐந்து நிமிஷம் ஏசினார். அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், நீங்க சொல்றது சரிதான் என்று மட்டும் சொன்னார்.

பாதி வீடு முடிவதற்குள் கேட்டில் ஆள் சத்தம். நெசவுத் தெரு அத்தை, தலையில் முந்தானை போட்டுக்கொண்டு வெயிலில் நின்றார். விஷயம் அவர் காதுக்குப் போயிருந்தது. அம்மா ஜன்னல் வழியாகப் பேசினார்.

"எங்க தெருவுல அஞ்சு வீடு ரெடியா கீதுக்கா. ஆளுக்கு எட்டுப் பொட்டலம். அரிசி ஊறப் போட்டுட்டுதான் வந்தேன். பெரியவங்கள்லாம் சாப்புடுவாங்களான்னு மட்டும் கேட்டு சொல்லுங்க. சாப்புட மாட்டாங்கன்னா பழம், ரொட்டி ஏதாச்சும் பாத்து வாங்கியாறச் சொல்றேன் எங்க பாவாவ."

பாவா என்றது அவர் வீட்டுக்காரரை.

எங்கள் தெருவில் பன்னிரண்டு வீட்டுப் பெரியவர்களிடம் அம்மா கேட்டார். நான் பக்கத்தில் நோட்டோடு உட்கார்ந்திருந்தேன். கேட்பதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டதை நான் மறக்கவில்லை. பதினோரு பேர் உடனே சரி என்றார்கள். யோசிக்கவே இல்லை. தெருக்கோடி மாமி, அந்தத் தொக்கு பண்ணினவளா, அவளே பண்ணட்டுமே என்றாராம். ஒரு பெரியவர் மட்டும் தனக்குப் பாலும் பழமும் போதும் என்றார். அவரும் இரண்டாம் நாள் வாங்கிக்கொண்டார்.

எங்கள் பெரியவர்கள் தொடமாட்டார்கள் என்று அப்பா நம்பினார். அம்மாவும் நம்பினார், நர்ஸ் அக்காவும் நம்பினார். யாரும் ஒரு தடவைகூடக் கேட்டுப் பார்க்கவில்லை. அந்த நம்பிக்கையின் பேரில்தான் வாசனை தெரியாத ஒரு மனிதர் மூன்று நாள் அடுப்படியில் நின்றார். கேட்டிருந்தால் ஒரு மணி நேர வேலை.

மத்தியானம் ஒன்றேகாலுக்குப் பொட்டலங்கள் போயின. வழக்கத்தைவிட முக்கால் மணி நேரம் தாமதம், அவ்வளவுதான். ஆட்டோ மாமா வண்டியைச் சோப்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டு வந்து ஏற்றினார். மாடியிலிருந்த அப்பாவுக்கும் ஒரு பொட்டலம் வந்தது. நான்தான் கயிற்றில் கட்டிய கூடையில் வைத்தேன். அவர் மேலே இழுத்தார். அப்பா அதுவரை வேறு வீட்டுச் சாதம் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. கல்யாணத்துக்குப் போனால்கூட மோரும் பழமும்தான். அன்று கூடை திரும்பி இறங்கியபோது இலை துடைத்த மாதிரி இருந்தது.

அப்பாவுக்கு நோய் உறுதி என்று முடிவு வந்தது. காய்ச்சல் இரண்டு நாள் அடித்து விட்டுவிட்டது. அம்மாவுக்கும் எனக்கும் இல்லை என்று வந்தது. நான் அம்மாவைக் கட்டிக்கொண்டேன். இழுப்பு சத்தம் கேட்கிறதா என்று நெஞ்சில் காது வைத்துப் பார்த்தேன். அம்மாவுக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

ஆனால் சத்திரம் பூட்டின நாலாம் நாள் ஆட்டோ மாமா வரவில்லை. காய்ச்சல் என்று அவர் மனைவி போனில் சொன்னார். மறுநாள் மூச்சு வாங்கியது. அவருடைய ஆட்டோவை ஓட்ட ஆள் இருக்கவில்லை. ஆம்புலன்ஸ் வந்து திருவள்ளூருக்குக் கொண்டுபோனது. ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள் என்று செய்தி வந்தது. அவருக்கு மூன்று பெண்கள். கடைசிப் பெண் நம்மைவிட இரண்டு வகுப்பு கீழே படித்தாள். உங்களில் சிலருக்கு அவளைத் தெரியும்.

அம்மா அதை மாடிக்குச் சொல்லும்போது நான் படிக்கட்டின் கீழே நின்றேன். அன்றும் மறுநாளும் கூடை போன மாதிரியே திரும்பி இறங்கியது.

நான் வகுப்புக்கு வராத நாட்கள் அவைதான். நான் ஒரு நாள் முன்னால் சொல்லியிருந்தால் என்று மனம் சுற்றிச் சுற்றி அங்கேயே போய் நின்றது. அந்த ஒரு நாள் அப்பா கட்டிக் கொடுத்த பொட்டலங்களை ஆட்டோ மாமா தன் கையால் வாங்கியிருக்கிறார். எந்தப் பொட்டலமோ, எந்த மூச்சோ. பதிமூன்று வயதில் இதை யாரிடம் சொல்வது? அம்மாவிடம் சொல்லலாம். ஆனால் அம்மா அப்போது காலையில் நாற்பது வீட்டோடு நாற்பத்தியொன்றாவதாக ஆட்டோ மாமா வீட்டுக்கும் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பேச்சு முடிந்ததும் தண்ணீர் குடிக்க எழுந்து போவார். திரும்பி வர நேரம் ஆகும்.

பொட்டலங்களை அந்த நாட்களில் அத்தையின் வீட்டுக்காரர் தன் மொபெட்டில் கொண்டுபோனார். நூல் மூட்டை கட்டுகிற பலகையில் பெட்டி வைத்துக் கட்டி. ஹாரன் சரியில்லாததால் சைக்கிள் பெல் ஒன்றைப் பொருத்திக்கொண்டார். ஒரு வேளைகூட நிற்கவில்லை.

ஆட்டோ மாமா பதினோரு நாள் கழித்து வீடு வந்தார். அப்பாவும் அதற்குள் கீழே இறங்கிவிட்டிருந்தார். என்னோடு அவசியத்துக்குப் பேசினார். தண்ணி கொண்டா, கதவைச் சாத்து. வாசனை வரவில்லை. காலையில் விபூதி மடலை மூக்கருகில் வைத்துப் பார்ப்பார், வைத்துவிடுவார்.

ஆனி மாதத்தில் ஒரு நாள் காலை, என்னோடு வா என்று கூப்பிட்டார். எங்கே என்று நான் கேட்கவில்லை. ரயில்வே கேட்டைத் தாண்டி நடந்தோம். ஆட்டோ மாமா வீட்டு வாசலில் வண்டி தார்ப்பாய் போட்டு நின்றது. அவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். சட்டை இரண்டு ஆள் போட்டுக்கொள்கிற அளவுக்குத் தொளதொளவென்று இருந்தது.

"இன்னா ஐயிரே, அங்கியே நின்னுகினு கீறீங்க? இப்பதான் ரெண்டு பேருக்கும் வந்து போயிடுச்சே. கிட்ட வாங்க."

அப்பா கிட்டே போகவில்லை. வாசற்படிக்கு வெளியிலேயே நின்று, கையைக் கட்டிக்கொண்டு சொன்னார். தனக்கு வாசனை போனது, சத்திரம் பூட்டின நாளுக்கு இரண்டு நாள் முன்னாலேயே என்றார். தெரிந்தேதான் மறைத்தேன், என் பெண்ணையும் சொல்லக்கூடாது என்று தடுத்தேன், உன்னை இந்த நிலைமைக்குக் கொண்டுவந்தது நான்தான் என்றார். கோர்வையாக ஆரம்பித்தது கடைசியில் உடைந்துபோனது. அப்பா அழுது நான் பார்த்தது அன்றுதான்.

ஆட்டோ மாமா நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் நகர்த்திக்கொண்டார். உள்ளே எட்டிப் பார்த்து, மனைவி காதில் விழாத தூரத்தில் இருக்கிறாரா என்று கவனித்துக்கொண்டார்.

"ஐயிரே, நான் ஒண்ணு சொல்றேன், இங்கியே வுட்டுடுங்க. உங்களுக்கு வாசன போச்சுன்றீங்களே, அதுக்கும் ரெண்டு நாளு முன்னாடியே எனக்கு ஒடம்பு அடிச்சிப் போட்டா மாதிரி வலி. காலைல ஒரு மாத்திர, மத்தியானம் ஒரு மாத்திர போட்டுகினு வண்டி ஓட்டினேன். நான் படுத்துட்டா யாரு எடுத்துகினு போவாங்கன்னு நெனச்சேன். அப்பால தானா சரியாப் போச்சி. சரி, வேற இன்னாவோன்னு வுட்டுட்டேன். நாலஞ்சு நாள் கழிச்சிதான் இழுத்துப் போட்டுச்சி. நான் உங்களுக்குக் குடுத்தனா, நீங்க எனக்குக் குடுத்தீங்களா, இல்ல எதுனா ஒரு வூட்டு வாசல்ல ரெண்டு பேருமே வாங்கினமா, ஆருக்குத் தெரியும்?"

ஆட்டோ மாமா என்னைப் பார்த்தார்.

"நம்ப ரெண்டு பேரும் வாய மூடிகினு இருந்தோம். பாப்பா ஒண்ணுதான் சொல்லிச்சி."

நான் தரையைப் பார்த்தேன். நானும் ஒரு நாள் மூடிக்கொண்டுதான் இருந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அதை இன்றைக்கு உங்களிடம்தான் சொல்கிறேன்.

அப்புறம் அப்பா வாசற்படி ஏறினார். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, கோயில் எப்போது திறப்பார்கள், ரயில் எப்போது விடுவார்கள் என்று பேசினார்கள். ஆட்டோ மாமாவின் மனைவி காபி கொடுத்தார். அப்பா டம்ளரைத் தூக்கிக் குடிக்கவில்லை, உதட்டில் வைத்தே குடித்தார். அதையும் நான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

கதை அவ்வளவுதான். அப்பாவுக்கு மூக்கு பாதி திரும்பியிருக்கிறது. பெருங்காயம் தெரிகிறது, பூ தெரியவில்லை. மடப்பள்ளிக்குத் தினமும் போகிறார், கூட ஒரு இளைய ஆளை வைத்துக்கொண்டு. ஆட்டோ மாமா அரக்கோணம் பக்கம் ஓட்டுகிறார். நோயில் போன பெரியவர்கள் ஆறு பேர். அவர்கள் வாசலில் ஸ்டூல் வெகுநாள் அப்படியே இருந்தது, யாரோ ஒரு நாள் உள்ளே எடுத்துப் போட்டுவிட்டார்கள்.

அன்று ஆட்டோ மாமா வீட்டிலிருந்து திரும்பி நடக்கும்போது வெயில் ஏறிவிட்டது. ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு வண்டி ஒன்று நீளமாகப் போய்க்கொண்டே இருந்தது, அப்பா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசிப் பெட்டி தாண்டியதும், என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"இனிமே எதையாவது சொல்லாதேன்னு நான் சொன்னேன்னா, நீ சொல்லிடு."

சரிப்பா என்றேன். கேட் தூக்கினார்கள். அவர் துண்டை எடுத்து என் தலையில் போட்டுவிட்டு, தண்டவாளத்தைத் தாண்டினார்.